பின்வாசல் கொக்கிகள்

"அவகிட்ட எதையும் கேக்காதே, கொரின். பையை அவளாத்தான் பிரிக்கணும்." "ரெண்டு வருஷமா கேக்காமத்தானே இருக்கேன், டேல்!" காலையில் கணவனோடு பேசியது இன்னும் கொரினின் காதில் நிற்கிறது. பின்வாசல் நடையில் நவம்பர் வெயில் சாய்ந்து விழுகிறது. புதிதாக இழைத்த பைன் பலகை மணக்கிறது. டேலின் முதல் மனைவிக்குப் பிறந்தவள் அன்னிகா. ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் இங்கே. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கோட்டு மாட்டச் சுவரில் நெடுக்காக நிறுத்திய பலகையின் மறுமுனையைப் பிடித்திருக்கிறாள். அவளுடைய துணிமணிப் பை வழக்கம்போலப் பிரிக்கப்படாமல் கதவோரம் கிடக்கிறது. "பலகை கோணலா இருக்கு, கொரின்." "சுவர்தான்டி கோணல், என்னைச் சொல்லாதே!" அன்னிகா சிரிக்கிறாள். கொரினுக்குப் பிறந்த குட்டித்தம்பியின் கோட்டுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு கொக்கி ஏறிவிட்டது. அடுத்தது அவளுடையது. அவள் தோளுக்கு நேராகக் கொரின் ஒரு புள்ளி வைக்கிறாள். அன்னிகா அதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, நாலு விரல் மேலே வேறு புள்ளி வைக்கிறாள். "அடுத்த குளிருக்குள்ள வளர்ந்துடுவேன்ல?" டிரில்லிங் மெஷினின் விசையில் வைத்த விரலைக் கொரின் எடுத்துவிடுகிறாள். தூசி வெயிலில் மெல்ல இறங்குகிறது. "அன்னிகா," என்கிறாள், "வெள்ளிக்கிழமை போகும்போது உன் துணியெல்லாம் இங்கயே வச்சுட்டுப் போறியா, கண்ணு?"