கல்யாணப் பொண்ணுக்கு ஒரு கட்டில்

"இன்னாடா சொல்ற? கல்யாணப் பொண்ண இங்க தங்க வைக்கணுமா? இது இன்னா சத்திரமா சாவடியா?"

தாண்டவராயன் போட்ட சத்தத்தில் உத்தரத்துப் புறாக்கள்கூடப் பறந்துவிட்டன. ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரத் துரை ஒருவன் தனக்கென்று கட்டிக்கொண்ட பங்களா அது. துரை போய்ச் சேர்ந்தான். முழ அகலச் சுவரும் தேக்கு மாடிப்படியும் அப்படியே நின்றன. எழுபத்தெட்டாம் வருஷம் அரசாங்கம் உள்ளே கட்டில்களைப் போட்டு, 'இளைஞர் விடுதி' என்று பலகை மாட்டி, ஒடுகத்தூர்க்காரரான தாண்டவராயனை வார்டனாக உட்கார வைத்தது. அன்றிலிருந்து துரைக்கு மிஞ்சின துரை அவர்தான்.

எதிரே நின்ற சின்னராசு நெல்லிவாசல் பக்கத்து மலைக்காரன். தலைத்துண்டு கக்கத்துக்கு வந்திருந்தது.

"ஒரு ராத்திரிதாங்க ஐயா. காலைல மேளத்தோட வந்து கூட்டிம்போயிடுவோம்."

"ஏன், பொண்ணுக்குப் பொறந்த வூடு இல்லையா?"

"பொறந்த வூட்ல யாரும் மிச்சமில்லைங்க. கூரையும் சரிஞ்சு போச்சு."

"அப்ப உங்க ஊர்லயே வேற யார் வூட்லயாவது வையி."

"அத்தினி வூடும் பங்காளி வூடுங்க. எங்க வச்சாலும் மாப்ள வூடுன்னுதான் கணக்கு. மாப்ள வூட்லயிருந்தே பொண்ண அழைச்சா அது கல்யாணமே இல்லைன்னு சொல்லிடும் எங்க சனம். வெளியாள் வூடு வேணும். இந்த மலையில வெளியாள் வூடுன்னா இந்த பங்களாதாங்க!"

நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, சட்டம் வேறு. விடுதியில் உறுப்பினர் அல்லாத ஆளைத் தங்க வைத்தது மேலே தெரிந்தால், வார்டன் வேலைக்கு அன்றோடு முழுக்குப் போட வேண்டியதுதான்.

"பொண்ணு ஓடி கீடி வந்துதாடா?"

"ஐயையோ, இல்லைங்க! ஊரே சேர்ந்து முடிவு பண்ண கல்யாணம்."

"உனக்கு அந்தப் பொண்ணு மேல ரொம்பப் பிரியமோ?"

"உசுருங்க" என்றான் சின்னராசு. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஐயா, நாளைக்கு வுட்டா ஆடி பொறந்துடும். இந்தக் கல்யாணம் நாளைக்கு நடக்கலைன்னா, இந்த சென்மத்துல எனக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி கிடையாதுங்க."

ஆம்பிளை அழுதால் தாண்டவராயனுக்குத் தாங்காது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேலூரிலிருந்து மலை பார்க்க வந்து தங்கியிருந்த கல்லூரிப் பெண்கள் இத்தனையையும் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வாயாடி வசந்தி.

"சார், எங்க கூட்டத்துல ஒருத்தி காய்ச்சல்னு வரல. அவ கட்டில் காலியாத்தான் இருக்கு. எங்க விருந்தாளின்னு வச்சுக்குங்களேன்! ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்வாங்க. நீங்க ஒரு பொய்கூடச் சொல்ல வேணாம், கண்டுக்காம இருந்தாப் போதும்."

"நல்லாப் படிச்சீங்கம்மா காலேஜு!" என்று சலித்துக்கொண்டார் தாண்டவராயன். சலித்துக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம்.

சாயங்காலம் மூட்டையும் கையுமாக இரண்டு பேர் தோட்டத்து வழியாக வந்து பெண்கள் பகுதிக்குள் போவதை அவர் தன் அறையிலிருந்து பார்த்தார். ஒருத்தி பச்சைத் தாவணி போட்ட சின்னப் பெண், துறுதுறுவென்று இருந்தாள். 'பொருத்தமான ஜோடிதான்' என்று நினைத்துக்கொண்டார். துணைக்கு ஒரு வயசான அம்மாளும் கூட வந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி. பெண்கள் பகுதிப் பக்கம் ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதனால் அதோடு சரி.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? அவருக்குப் பிறந்தது மூன்றும் பையன்கள். பெண்ணைப் பெற்று, பந்தல் போட்டு, வாசலில் நின்று வரவேற்கும் பாக்கியம் இல்லை என்று ஒரு குறை எப்போதும் உண்டு. விடிந்ததும் குளித்து, ஜரிகை வேட்டி கட்டி, சமையல்கார முனியம்மாவை விரட்டிச் சந்தனம் கரைக்கச் சொன்னார். பொண்ணு வீட்டுக்காரன் என்றால் லேசா!

மேளம் வாசலுக்கு வந்தது. பழத்தட்டும் குடையுமாக மாப்பிள்ளை வீட்டார் திரண்டு நின்றார்கள். முன்னால் புதுச்சட்டையில் சின்னராசு.

தாண்டவராயன் சந்தனக் கிண்ணத்தோடு படியிறங்கினார். "வா மாப்ள, கைய நீட்டு."

சின்னராசு நெளிந்தான். குடைக்குக் கீழே தலைப்பாகையோடு நின்ற நரைமீசைக்காரரைப் பிடித்து முன்னால் நிறுத்தினான்.

"மாப்ள நான் இல்லைங்க ஐயா, இவருதான். எங்க அப்பா."

தாண்டவராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடப்பாவி! இந்தக் கிழவனுக்கா அந்தப் பச்சைத் தாவணிப் பெண்? கிண்ணத்தை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார்.

"டேய், உங்கள எல்லாம்..."

அதற்குள் மாடிப்படியில் சிரிப்பும் சத்தமுமாகக் கல்லூரிப் பெண்கள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு நடுவே, மஞ்சள் புடவையும் தலை கொள்ளாத பூவுமாக, வெட்கத்தில் நிமிரவே மாட்டேன் என்று வந்துகொண்டிருந்தாள், துணைக்கு வந்தவள் என்று அவர் நினைத்த அந்த வயசான அம்மாள்.

"எங்க அம்மாதாங்க பொண்ணு, பச்சைத் தாவணி என் தங்கச்சி" என்றான் சின்னராசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் காலத்துல பொண்ணு வூட்டுக்குப் பரியப் பணம் குடுக்க வழியில்லாம, தாலி கட்டாமலே குடும்பம் நடத்திட்டாங்க, அவங்களுக்குக் கல்யாணம் ஆனாத்தான் எனக்குப் பொண்ணு தருவேன்னு எங்க மாமனாரு ஒத்தக் கால்ல நிக்கிறாருங்க!"