சோபா விடுமுறை

விடுமுறையை வீட்டில் கழிப்பதென்றால் இப்படித்தான் கழிக்க வேண்டும் என்று ஹார்லன் நினைத்துக்கொண்டான். ஒரு வாரமாகப் பகலெல்லாம் சோபாதான். வயிற்றின் மேல் பூனை, கையில் ஐஸ்கிரீம் டப்பா, டிவியில் பேஸ்பால்.

போன் அடித்தது. மனைவி மார்லிஸ்.

"எப்ப வருவே? கூரைக் குழாய்ல இலை அடைச்சுக் கிடக்கு. கராஜை வேற ஒழிக்கணும்."

"செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கேன். பாதிகூட முடியலை," என்று சொல்லிவிட்டு இன்னொரு ஸ்பூன் ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டான்.

வாசலில் கார் வந்து நின்றது. ஹார்லன் துள்ளி எழுந்தான். டிவியை அணைத்தான், டப்பாவை ஒளித்தான், பூவாளியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

பெட்டியோடு உள்ளே வந்தார் அந்த வீட்டின் சொந்தக்காரர் ஆர்வின்.

"பக்கத்து வீட்டுக்காரன்னா உன்னை மாதிரி இருக்கணும்ப்பா! நாங்க ஊர் சுத்திட்டு வர்றதுக்குள்ள உன் லீவே போச்சே!"

"அதனால என்ன," என்றான் ஹார்லன் களைப்பாக. சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தான்.

அங்கே சோபாவில் மார்லிஸ் காலை நீட்டிப் படுத்திருந்தாள். வயிற்றின் மேல் சிப்ஸ் பாக்கெட். டிவியில் சமையல் போட்டி.

"அதுக்குள்ள வந்துட்டாங்களா?" அவள் முகம் தொங்கிப் போனது.

"கராஜை ஒழிக்கணும்னு சொன்னியே?"

"அப்படிச் சொன்னாத்தானே நீ அங்கேயே கிடப்பே!"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து வேறொரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"எதிர் வீட்டுக்காரங்க லீவுக்கு ஏரிக்கரையில தங்க இன்னிக்குக் கிளம்பறாங்க. நீ பார்த்துப்பேன்னு சொல்லிட்டேன். மூணே மூணு நாய்தான்."