கறுப்பிக்கு ஒரு துணை

அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடியோடு கொல்லைப்பக்கம் நழுவப் பார்த்தவரை மனைவி நிலைப்படியிலேயே மடக்கினாள்.

“எவளுக்கு இது?”

“கறுப்பிக்குத்தான்” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. “தனியா இருக்க முடியாம தவிக்கிறா. சாப்பிடவும் மாட்டேங்கறா. எல்லாம் என்னால வந்த வினை.”

“அப்ப நான் எதைப் பார்த்துத் தலை வாரறது?”

“நீ எப்படி வாரினாலும் அழகுதான்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த வாயில இது வருது. அதுவும் ஒரு குதிரைக்காக!” என்று முணுமுணுத்தபடி வழிவிட்டாள்.

அவர் சாரட்டு ஓட்டியவர். கறுப்பியும் சிவப்பியும் ஜோடியாக இழுத்த வண்டி. கடைசி ஓரிரு வருடங்களாகச் சிவப்பி காலெடுத்து வைத்தால்தான் கறுப்பி நகரும். “பெரியவளுக்கு எவ்வளவு மரியாதை குடுக்கறா பாருங்க” என்று சவாரி வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

முழங்கால் வலியால் வண்டியை விட்ட பிறகு, மகன் கார் வாங்கினான். லாயத்தில் பாதியை இடித்தால் கார் நிறுத்தலாம் என்றான். அவர் மறுபேச்சு இல்லாமல் “சரிப்பா” என்றார். சிவப்பி குதிரை வியாபாரியின் கொட்டகைக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து கறுப்பி கதவை உதைத்தது. தூணில் முட்டித் தோளைச் சிராய்த்துக்கொண்டது. தண்ணீர் வாளியை இடறிக் கவிழ்த்தது. தன் மேல்தான் கோபம் என்று அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

வியாபாரிக்குப் போன் போட்டார். “வேணும்னா வந்து ஓட்டிட்டுப் போங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை வெளியூர் லாரியில ஏத்திடுவேன்” என்றார் வியாபாரி. ஆனால், காரைத் தெருவில் நிறுத்தச் சொல்லி மகனிடம் பேச அவருக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் பழைய வண்டிக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். “கண்ணாடி மாட்டுங்க. தன் உருவத்தையே ஜோடின்னு நம்பிடும்.”

கண்ணாடியை மாட்டினார். கறுப்பி காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியது. பழகட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்தார். காபி அங்கேயே வந்தது. பேப்பரை உரக்கப் படித்தார். நடுநடுவே அதன் கழுத்தைத் தடவி, “மன்னிச்சுக்கோடி” என்றார்.

மெல்ல மெல்ல உதை நின்றது. புல்லும் உள்ளே போனது.

“கண்ணாடி வேலை செய்யுதா?” என்றாள் மனைவி.

“அதையே பார்த்துக்கிட்டு நிக்கறா!”

வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரியின் போன் வந்தது. “லாரி நிக்குது. சிவப்பியை ஏத்தட்டுமா?”

அவர் லாயத்தை எட்டிப் பார்த்தார். கண்ணாடியின் எதிரில் கறுப்பி நிதானமாகப் புல்லை மென்றுகொண்டிருந்தது.

“ஏத்திடுங்க. இவளுக்குத் துணை கிடைச்சாச்சு.”

போனை வைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் அன்று ஒரு வாய் கூடவே சாப்பிட்டார்.

மதியம், தோள் புண்ணுக்கு மருந்து போடக் கால்நடை டாக்டர் வந்தார். “கண்ணாடி வெச்சதும் எப்படி அடங்கிட்டா, பார்த்தீங்களா டாக்டர்?” என்றார் இவர், பெருமை தாங்காமல்.

டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். கறுப்பியைப் பார்த்தார். டார்ச்சை எடுத்து அதன் இரண்டு கண்களிலும் அடித்தார். முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். பிறகு தயங்கியபடி கேட்டார்.

“இதுக்குப் பார்வை போய் எவ்வளவு நாளாச்சுங்க?”