பேஷன்ட்ஸ் ரொம்பக் கம்மி

கேளம்பாக்கம் ஆய்வகத்தின் ஜன்னலில் மதிய வெயில் கொதிக்கிறது. ஆறு வயது ஜாஸ்மினுக்கு வந்திருக்கும் அரிய நரம்பு நோயை ஆராயத்தான் டாக்டர் சின்மயி நிதி கேட்டிருக்கிறாள். லேப்டாப் திரையில் நிதிக்குழுத் தலைவர் தேநீரை உறிஞ்சியபடி சொல்கிறார்: "பேஷன்ட்ஸ் ரொம்பக் கம்மி மேடம். ஃபண்ட் பண்றது கஷ்டம்." வெட்டி வெட்டி இழுக்கும் ஜாஸ்மினின் கையைப் பிடித்துக்கொண்டே, சின்மயியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா ரோஸி எழுகிறாள். "இன்னும் எத்தினி புள்ளைங்களுக்கு வந்தா குடுப்பீங்க சார்? சொல்லுங்க, சர்ச்சுல வேண்டிக்கினு வர்றேன்!" தலைவர் முகம் சுளிக்கிறார். "மேடம், மியூட் பண்ணுங்க." சின்மயியின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகிறது. அடுத்த விண்ணப்பமும் இவரிடம்தான் போயாக வேண்டும். ஆனாலும் விரலை எடுத்துவிட்டு, லேப்டாப்பை ரோஸியின் பக்கம் திருப்புகிறாள். "பேசுங்கக்கா."