செவ்வாய்க்கிழமை ஒத்திகை

"கடவுள் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். இருக்கார்னு நம்ப எனக்குக் காரணம் கிடைக்கலை."

"இப்படி இழுத்தா, 'தயங்குகிறார்'னு எழுதிடுவாங்க, சொஹ்ராப்."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுதானே அறிவு?"

"அதைச் சொல்லுங்க! இதே முகத்தோட, இதே எரிச்சலோட அதையே சொல்லுங்க."

ஃபிளென்ஸ்புர்க் நகரத்தில், சமையலறை மேசையின் இரு பக்கமும் சொஹ்ராபும் கேள்வி கேட்ட ஹென்ரிக்கேயும் உட்கார்ந்திருந்தார்கள். சொஹ்ராப் ஈரானில் இருபது வருடம் வேதியியல் கற்பித்தவர். கடவுள் இல்லையென்று வகுப்பில் சொன்ன ஒரே வாக்கியத்துக்காக அங்கே அவர்மீது வழக்கு இருந்தது. திருப்பி அனுப்பப்பட்டால் தூக்கு. ஜெர்மனியில் தஞ்சம் கேட்டார். 'உண்மையான நாத்திகர் என்று நம்பும்படி விளக்கவில்லை. புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கிறார்' என்று மறுத்துவிட்டார்கள். வக்கீல் போராடி மறுவிசாரணை வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை.

அதுவரை இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே வரவேண்டாம் என்பது வக்கீலின் உத்தரவு. ஏழு வாரமாயிற்று. போலீஸ் ஒரு முறை வாசல்வரை வந்தது. ஹென்ரிக்கே வெளியே போய் ஐந்து நிமிடம் பேசினார். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஹென்ரிக்கேவுக்கு நாற்பத்தெட்டு வயது. இதற்கு முன் ஐந்து பேரை இப்படித் தயார் செய்திருந்தார். அதிகாரிகள் எங்கே மடக்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

"அடுத்தது. உங்க அம்மா நம்புறாங்களா?"

"அஞ்சு வேளையும் தொழுறாங்க."

"அப்போ உங்க அம்மா முட்டாளா?"

"என்னைவிட புத்திசாலி."

"புத்திசாலி நம்புறாங்கன்னா நம்பிக்கைதானே சரி?"

"புத்திசாலிங்க என்னோட வகுப்புல சோதனைக் குழாயை வெடிக்க வெச்சிருக்காங்க மேடம்."

ஹென்ரிக்கே சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"தப்பிச்சு வர்ற வழியில, கடல்ல படகு ஆடினப்போ கடவுளைக் கூப்பிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க."

சொஹ்ராப் தேநீர்க் கோப்பையைத் திருப்பினார். "கூப்பிட்டேன். அம்மாவையும் கூப்பிட்டேன். அதனால அம்மா அந்தக் கடல்ல இருந்தாங்கன்னு ஆயிடுமா?"

"பிரமாதம். இது உங்க சொந்தச் சரக்கு. இப்படித்தான் வேணும்." ஹென்ரிக்கே தாளில் ஒரு கோடு போட்டார். "இப்போ கடைசிக் கேள்வி. போன தடவை நீங்க கவிழ்ந்தது இதுலதான். எந்த நாள் உங்க நம்பிக்கை போச்சு?"

"அப்படி ஒரு நாள் கிடையாது. முடி நரைக்கிற மாதிரி."

"நரைச்ச கதையெல்லாம் அவங்களுக்குப் பத்தாது. ஒரு நாள் வேணும்."

"நீங்களா இருந்தா எந்த நாளைச் சொல்வீங்க?"

ஹென்ரிக்கே பேனாவை மூடினார்.

"என் பொண்ணு மெர்லெ. ஆறு வயசு. ரத்தப் புற்றுநோய். பதினோரு மாசம் தினமும் முட்டி போட்டு வேண்டினேன். பக்கத்துப் படுக்கையில ஒரு பையன். அதே நோய், அதே மருந்து, அதே டாக்டர். அவனைப் பெத்தவங்க வேண்டுதல் பக்கமே போகலை. சீட்டு விளையாடுவாங்க. அந்தப் பையன் வீட்டுக்குப் போனான். நீங்க வேதியியல் வாத்தியார். இதைவிடச் சுத்தமா ஒரு சோதனை நடத்த முடியுமா?"

சொஹ்ராப் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இதைச் சொன்னா எந்த அதிகாரியும் வாயைத் திறக்க மாட்டான்" என்றார் சொஹ்ராப் மெல்ல.

"இது என்னோடது. கடன் கொடுக்க முடியாது. உங்களோடதைத் தேடுங்க."

சொஹ்ராப் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல நிலநடுக்கம் வந்துது. பள்ளிக்கூடம் விழுந்துது. மசூதி நின்னுது. பத்தொன்பது பிள்ளைங்க. ஏழு பேரு என் வகுப்பு. மறுநாள் ஊரே கூடி, மசூதியைக் காப்பாத்தினதுக்கு நன்றி சொன்னாங்க. அன்னைக்கு என்னால தொழுகை வரிசையில போய் நிக்க முடியலை."

"இதை ஏன் போன தடவை சொல்லலை?"

"அவங்க காரணம் கேட்டாங்க மேடம். இது காரணமா? வெறும் அழுகைதானே?"

"செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லுங்க. இதை மட்டும்."

கதவு தட்டப்பட்டது. வயதான பீட்டர்சன் தலையை நீட்டினார். "மணி பத்தாகப் போகுது ஹென்ரிக்கே. எல்லாரும் வந்தாச்சு."

"எல்லாரும்னா?"

"பதிமூணு பேரு. மழைக்கு ஒதுங்கின ரெண்டு பேரையும் சேர்த்து."

ஹென்ரிக்கே எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தார்.

"மேடம்" என்றார் சொஹ்ராப். "அந்தப் பதினோரு மாசத்துக்கு அப்புறமும் நீங்க எப்படி..."

ஹென்ரிக்கே கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்ட அதுக்குக் காரணம் எதுவும் இல்லை, சொஹ்ராப். நல்லவேளை, என்னை யாரும் விசாரிக்கிறதில்லை."

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கறுப்பு அங்கியை எடுத்து அணிந்து, கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டார். தலைக்கு மேலே தேவாலய மணி ஒலிக்கத் தொடங்கியது. காத்திருந்த பதிமூன்று பேருக்கும் கடவுளைப் பற்றிச் சொல்ல, பாதிரியார் ஹென்ரிக்கே பலிபீடத்துக்குப் போகும் கதவைத் திறந்தார்.