கடைசி பெஞ்சு கமாலுதீன்

"அரையும் மூணில் ஒண்ணும் கூட்டினா எவ்வளவு?"

பழனியப்பன் வாத்தியார் கேட்டு வாயை மூடவில்லை, கடைசி பெஞ்சிலிருந்து கமாலுதீன் கையைத் தூக்கிவிட்டான்.

"அஞ்சில் ரெண்டுங்க ஐயா."

பழனியப்பனுக்குப் பகீரென்றது.

பினாங்கில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வாத்தியார்கள் பயிற்சி வகுப்பு அது. ஒருவர் பாடம் நடத்த வேண்டும். மற்ற வாத்தியார்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் குலசேகரம் மூலையில் இருந்து குறிப்பெழுதி, பாடம் நடத்தியவருக்கு மார்க் போடுவார்.

பழனியப்பன் இரண்டு தடவை தவறியாயிற்று. இன்றும் தவறினால் வேலைக்கே வேட்டு. இத்தனைக்கும் அந்த இரண்டு தடவையும் கேட்ட மாத்திரத்தில் எல்லாரும் பதில் சொன்னார்கள், பாடம் ஜோராகத்தான் போனது. ஏன் தவறினோம் என்று இன்றுவரை அவருக்கு விளங்கவில்லை.

இப்போது இது வேறு. டத்தோ கிராமாட் பள்ளிக்கூடத்தில் அவருக்கு அடுத்த அறையில் தினமும் பின்னக் கணக்கு நடத்துகிறவனே இந்தக் கமாலுதீன்தான். இவனுக்கு என்ன வந்தது இன்றைக்கு?

"இல்லைப்பா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழே ரெண்டும் மூணும் அஞ்சு. சரிதானுங்களே?"

முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரின் பேனா விறுவிறுவென்று ஓடியது.

பழனியப்பனுக்குக் காது சூடேறியது. என் வேலை போனால் வேலை தேடி அலையும் இவன் மச்சானுக்கு அந்த இடம் கிடைக்கும், அதுதான் சங்கதியா? நேற்றுகூடச் சூலியா தெருவில் சேர்ந்து காப்பி குடித்தோமே, பாவிப்பயல்.

திட்டவும் வழியில்லை. பிள்ளையைத் திட்டினால் அதற்கும் மார்க் போகும்.

"சரி, உன்கிட்ட அரை ரொட்டி இருக்கு. நான் இன்னும் கொஞ்சம் தர்றேன். இப்ப அரையை விடக் கூடவா, குறைச்சலா?"

"கூடத்தாங்க."

"நீ சொன்ன அஞ்சில் ரெண்டு?"

கமாலுதீன் தலையைச் சொறிந்தான். "அட, அரையை விடக் குறைச்சலா வருதே. அப்ப எங்கேங்க தப்பு பண்ணேன்?"

விடமாட்டான் போலிருக்கிறதே. பழனியப்பன் ஒரு காகிதத்தைக் கிழித்து ஆறாக மடித்து, அவன் பெஞ்சுக்கே போய்க் குனிந்தார். அரைக்கு மூன்று கட்டம். மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம். கமாலுதீன் விரல் வைத்து எண்ணினான்.

"ஆறில் அஞ்சுங்க ஐயா."

மணி அடித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"பழனியப்பன், இன்றைக்குத்தான் நீர் படிப்பித்ததைக் கண்டேன். பாஸ்."

பழனியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தனை குளறுபடிக்குப் பாஸா?

"கமாலுதீன், உமக்குப் பின்னமே தெரியாது போல. அடுத்த வருஷமும் இந்த வகுப்புக்கு வாரும்."

"சரிங்க" என்றான் கமாலுதீன்.

வாசலில் பழனியப்பன் அவன் கையை இறுகப் பிடித்தார். சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்றே தெரியவில்லை அவருக்கு.

"உனக்கா அந்தக் கணக்கு தெரியாது? என்னைக் கவுக்கத்தானே பார்த்தே?"

கமாலுதீன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"இன்னிக்கு இல்லண்ணே. போன ரெண்டு தடவையும் எல்லாரும் டக்கு டக்குன்னு சரியாச் சொல்லி, உங்களைப் பாடம் நடத்தவே விடலையே, அப்பதான் கவுத்தோம்."