கும்மிப் பாட்டுக்கு ஒரு கையெழுத்து

"நான் கையெழுத்துப் போட மாட்டேன், அம்மணி."

தெய்வாத்தாள் இப்படிச் சொன்னதும் பொற்கொடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தை நீட்டியபடி நின்ற மகள் பிரவீனா, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா போட மாட்டீங்க? கம்பெனிக்காரன் ஏதாச்சும் சொல்லி வெச்சிருக்கானா?"

தெய்வாத்தாள் களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொப்பரையைக் கையால் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். போன நோம்பித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் முன்னால் பெண்கள் அடித்த கும்மியை, பிரவீனா யூடியூபில் போட்டிருந்தாள். போன வாரம் அதைத் தூக்கிவிட்டார்கள். இந்தப் பாட்டு எங்களுக்குச் சொந்தம், இனிமேல் போட்டால் வழக்கு என்று ஒரு பாட்டுக் கம்பெனியிலிருந்து கோயில் பேருக்கு நோட்டீசே வந்துவிட்டது.

கோயமுத்தூர் வக்கீல் சைத்ராதான் போனில் தைரியம் சொன்னார்.

"பரம்பரையா ஊரே பாடற பாட்டுக்கு ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாட முடியாதுங்க. அவங்களுக்குப் பாடிக் கொடுத்தவங்களே, 'இது எங்க ஊர்ப் பழைய பாட்டு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மீதியை நான் பாத்துக்கறேன்."

பாடிக் கொடுத்தவள் தெய்வாத்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கோயில் தர்மகர்த்தா திருமூர்த்திதான் அவளைக் காரில் ஏற்றிக் கம்பெனிக்கு அனுப்பினார். பதிலுக்குக் கோயிலுக்கு ஒரு மைக் செட் வந்தது. பாட்டு போனில் வந்தபோது அவள் பேர் மட்டும் போட்டிருந்தது. ஊர்ப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை.

"பேரு வாங்கினவ தனியா ஆடட்டும்" என்று முதலில் சொன்னவள் பொற்கொடி.

அன்றோடு கும்மி வட்டத்தில் தெய்வாத்தாளுக்கு இடம் போனது. அடி எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், பெண்கள் போனில் வந்த அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டே பாடப் பழகினார்கள். ஒவ்வொரு நோம்பிக்கும் அவள் வந்து தூரத்தில் நிற்பாள். கை தட்டாமல், வாய் திறக்காமல் பார்த்துவிட்டுப் போவாள்.

"பேரு உங்குளுது, நோட்டீசு மட்டும் எங்குளுதா?" பொற்கொடி விடவில்லை. "எங்க மேல கோவம்னா எங்களை நாலு திட்டுத் திட்டிக்குங்க. அம்மன் காரியத்துல காட்டாதீங்க."

"பெரியம்மா, ஒரே ஒரு கையெழுத்துதானுங்க. வர்ற செவ்வாக்கெழமை நோம்பி" என்றாள் பிரவீனா.

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படி, கண்ணு."

பிரவீனா படித்தாள். "கம்பெனிக்கு நான் பாடிக் கொடுத்தது எங்கள் ஊரில் பல தலைமுறையாகப் பாடிவரும் அம்மன் பாட்டு. நான் இட்டுக்கட்டியது அல்ல..."

"போதும். நிறுத்து."

தெய்வாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது பொய்யி, கண்ணு."

இரண்டு பேரும் விழித்தார்கள்.

"ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள நிக்க வெச்சு, காதுல எதையோ மாட்டிப் பாடச் சொன்னாங்க. சுத்தி எல்லாரும் செருப்புக்காலோட நின்னாங்க. அம்மன் பாட்டை அங்க பாட எனக்கு வாயே வல்ல. தர்மகர்த்தா வாக்குக் குடுத்துப்போட்டாரு, மாட்டேன்னும் சொல்ல முடியல. அம்மனைக் கூப்படற மொத அடியை உட்டுப்போட்டு, மெட்டையும் மாத்தி, வாயில வந்ததைக் கட்டிப் பாடிப்போட்டு வந்தேன்."

பொற்கொடி மெல்ல உட்கார்ந்தாள். "மொத அடியைக் காணோமேன்னு... நானும் அப்பவே கேட்டனுங்க்கா."

"நாந்தாம்மா சொன்னேன்." பிரவீனாவின் குரல் இறங்கியது. "கம்பெனிக்காரங்க சரியாத்தான் போட்டிருப்பாங்க, நாமதான் இத்தனை நாளும் தப்பாப் பாடிட்டு இருந்தோம்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?"

"மொத நோம்பிக்கே சொல்லத்தான் வட்டத்துக்கு வந்தேன், அம்மணி."

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

தெய்வாத்தாள் அந்தக் காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, பிரவீனாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கம்பெனிக்காரனுக்குத்தான் கண்ணு நான் பொய்ப் பாட்டைக் குடுத்தேன். நீங்க அதைக் கொண்டுபோயி அம்மனுக்குக் குடுத்துப்போட்டீங்களே."